ஆடு பிரிக்கிற வேல ஆருக்கு?

ஏல பேரப்புள்ள, வா, இந்தக் கட்டில்ல இரி. கன்வென்ஷன் முடிஞ்சு வந்ததுலருந்து நீ ஒரு மாதிரியா அலையுதியாம், ஒங்க ஆச்சி சொன்னா. நியாயத்தீர்ப்பு கிட்ட வந்துட்டுன்னு டைரியில கணக்குப் போடுதியாம்லா? நல்லது. பள்ளிக்கூடத்துல கணக்குல பெயிலான பய, இப்பமாவது போடுதியே.

ஆனா ஒனக்கு முந்தியே பெரிய ஆளுக போட்டுப் பாத்துட்டாவ. அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒரு சம்சாரி. தானியேல் புஸ்தகத்த வச்சுக் கூட்டிக் கழிச்சாரு. அவரு கூட்டத்தார் 1844 அக்டோபர் 22-ன்னு நாளே குறிச்சுட்டாவ. வெளஞ்சத அறுக்காம விட்டவுகளும் உண்டு. 23-ஆம் தேதி வழக்கம்போல விடிஞ்சிட்டு. பசிக்கவும் செஞ்சிருக்கும். அம்புட்டுத் தூரம் எதுக்கு? மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர்ல, விதுவான் குட்டின்னு ஒருத்தர். அய்யர் வீட்டுல பொறந்து கிறிஸ்தவரானவரு. 1881-ல ஆண்டவர் வருவாருன்னாரு. வரல. ஆனா அவரு கட்டின பாட்டு மலையாளத்துச் சபைகள்ல இன்னும் கேக்கு. கணக்கு தப்பிட்டு, பாட்டு நின்னுட்டு. நீயும் ரெண்டு பாட்டுப் படிச்சுக்கயேம்ல.

நாளும் நாழிகையும் தூதருக்கே தெரியாதுன்னு மத்தேயு 24-ல இருக்கு. ஒங்கிட்ட மட்டும் ஆரு வந்து சொன்னா? யூடியூப்பா?

தேதி போகட்டும். நரகத்துக்குப் போறவுக லிஸ்டு ஒண்ணு வச்சிருக்கியாமே! அதுல கோயில் கொடைக்கு மேளம் அடிச்சவன் இருக்கான், டாஸ்மாக் வாசல்ல நின்னவன் இருக்கான், டயோசிஸ் எலக்ஷன்ல ஒங்கப்பனுக்கு ஓட்டுப் போடாத அம்புட்டுப் பேரும் இருக்காவ. நீ மட்டும் இல்ல. பேதுரு மொத நிருபம் 4-ஆம் அதிகாரத்தப் பாரு. நியாயத்தீர்ப்பு ஆண்டவரு வீட்டுலதான் தொடங்குமாம். அதாவது டாஸ்மாக் வாசல்ல இல்ல, நம்ம கோயில் முன் பெஞ்சுல. அசனச் சாப்பாட்டுக்கு வரவு செலவு காட்டாத கமிட்டியில. காணிக்கைப் பைக்குள்ள அடுத்தவன் எம்புட்டுப் போட்டான்னு எட்டிப் பாக்கிற கண்ணுல.

நான் ஆடு மேச்சவன். மத்தேயு 25-ல செம்மறியும் வெள்ளாடும் பிரியுத இடம் எனக்கு நல்லா வெளங்கும். நாள் பூரா ரெண்டும் கலந்துதான் மேயும். பொழுதடையப் பிரிக்கிறவன் மேய்க்கிறவன். வெள்ளாடு ஒண்ணு நடுவுல நின்னு, ‘நீ இந்தப் பக்கம் போ’ன்னு சொல்லி நான் பாத்ததில்ல. இன்னொண்ணு கவனிச்சியா? அங்க ரெண்டு கூட்டமும் ஒரே கேள்வியத்தான் கேக்கு, ஒம்மள எப்பப் பாத்தோம்னு. நல்லது செஞ்சவனுக்கும் செஞ்சது ஞாபகமில்ல! நீ ஏழைக்குப் போர்வ குடுத்த போட்டோவ வாட்ஸப்புல போட்டியே, அத அழிச்சுராத. ஞாபகம் இருக்கட்டும்.

பயப்பட வேண்டாம்னா சொல்லுதேன்? கூலிய அமுக்கி வச்சவன் நல்லாப் பயப்படணும். கூலி கெடைக்காதவனுக்கு அது நல்ல நாளுல்லா! அதோட, தீர்ப்புச் சொல்லப் போறவரே நமக்காகச் சிலுவையில அடிபட்டவருன்னு நம்புதோம். அப்புறம் என்ன ராத்திரி ஒறக்கமில்லாம மொட்ட மாடியில நடந்துக்கிட்டு?

அங்க கேக்கப் போறது பசி, தாகம், அந்நியன், துணி, சீக்கு, ஜெயிலு, அம்புட்டுத்தான். கீழத்தெருப் பய ஒருத்தன் பாளையங்கோட்டை ஜெயில்ல கெடக்கான். வாராவாரம் பேரச் சொல்லி ஜெபிக்கோம். போய்ப் பாத்தது ஆரு? நாளைக்கு வெள்ளன நாம ரெண்டு பேரும் போறோம். வாசல்ல அடையாளம் கேப்பான், ஆதார் கார்ட எடுத்துக்க. அது 666 முத்திரைன்னு நீ அஞ்சுதது எனக்குத் தெரியும்ல. அஞ்சிக்கிட்டே எடுத்துட்டு வா.