பரிந்துரைத் திணை: ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

"நல்ல ஃபோன் ஒண்ணு சொல்லேன்" என்னும் வினாவும், அதற்கு நால்வர் கூடித் தரும் ஐந்து விடைகளும் தமிழர் வாழ்வியலில் பெறும் இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். செல்ஃபோன், செயலி, கோப்பு அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஆய்வு எல்லை. பவர் பேங்க் இங்கு இடம்பெறாது. அதன் ஆழம் தனி முனைவர் பட்டத்துக்குரியது.

2. முன்னாய்வுகள்

இல்லை. ஆயினும் இப்படியோர் இயல் இல்லாவிட்டால் ஆய்வேடு செல்லாது என்பதால் தலைப்பு மட்டும் நிற்கிறது.

3. வகைப்பாடு

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வகுத்தார். எப்பொருளையும் அவ்வாறே ஏழாக வகுத்துவிட்டால் வாய்மொழித் தேர்வில் எவரும் குறுக்கே பேசுவதில்லை. ஆகவே பரிந்துரையும் ஏழு.

கைக்கிளை: கேட்காதவருக்குச் சொல்வது.

குறிஞ்சி: கடைக்குக் கூடவே வந்து வாங்கித் தருவது.

முல்லை: "அவசரப்படாதே, தீபாவளிக்கு ஆஃபர் வரும்" என்று இருத்தல். தீபாவளி வந்தபின் இது பொங்கல்வரை நீளும்.

பாலை: பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் பிரியச் சொல்வது.

மருதம்: ஒரே வீட்டில் ஐஃபோனும் ஆண்ட்ராய்டும் இருப்பது.

நெய்தல்: வாங்கிய மறுவாரமே விலை இறங்கியதைச் சொல்லி இரங்க வைப்பது.

பெருந்திணை: பஞ்சாங்கமும் பேரன் முகமும் மட்டுமே பார்க்கும் பாட்டிக்கு கேமிங் ஃபோன் சொல்வது.

4. சான்றாதாரங்கள்

பரிந்துரைப்பவர் தம் கையிலிருக்கும் ஃபோனையே பரிந்துரைக்கிறார் (பெரியம்மா மகன், வாய்மொழி, கல்யாணப் பந்தி, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே). அந்த ஃபோன் சூடானால் இன்னும் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறார் (மேற்படி, ரசம்). மெகாபிக்சல் கூடினால் படம் தானே நன்றாக வரும் (மேற்படி, பாயசம், இக்கருத்தை மோர் சாதத்தின்போது அவரே திரும்பப் பெற்றார், திரும்பப் பெற்றதை அண்ணி ஏற்கவில்லை, விரிவுக்குப் பார்க்க: வீடு திரும்பிய ஆட்டோ, முழுவதும், மாற்றுப் பாடம்: ஆட்டோ ஓட்டுநர், சிக்னலில்).

மோர் சாதத் தரப்பே வலுவுடையது. 50 மெகாபிக்சல் கேமராக்கள் பல, நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே வழக்கமாகத் தருகின்றன. லென்ஸும் சென்சாரின் அளவும் படத்தைத் தீர்மானிப்பதில் மெகாபிக்சலுக்குச் சற்றும் இளைத்தவையல்ல. இவை பெட்டியின்மீது பெரிய எழுத்தில் இல்லாமையால் பந்தியில் பேசப்படுவதில்லை என்க.

5. கோப்புப் பகிர்வு: காலப் பகுப்பு

இவ்வியலே இவ்வாய்வின் உயிர்நிலை.

அகச்சிவப்புக் காலம்: இரண்டு ஃபோன்களையும் மேசையில் எதிரெதிரே தலை பொருந்த வைத்து, ஒரு ரிங்டோன் போய்ச் சேரும்வரை வீட்டார் மேசையில் கை வைக்காதிருந்த காலம். இக்காலத்து மக்கள் பொறுமையில் சிறந்தவர்கள்.

புளூடூத் காலம்: 0000 என்னும் நான்கு சுன்னமே கடவுச்சொல்லாக விளங்கியது. யாரும் யாரையும் சந்தேகிக்காத பொற்காலம் என்று சிலர் இதைக் கருதுவர்.

மெமரி கார்டு காலம்: செல்ஃபோன் கடைகளில் "பாட்டு ஏற்றித் தரப்படும்" என்ற பலகை தொங்கிய காலம். கடைக்காரர் வெறும் வணிகர் அல்லர், தொகுப்பாசிரியர். "சோகம்", "சோகம் 2", "அம்மன்", "குத்து" எனத் திணை துறை வகுத்து ஃபோல்டர் அமைத்தவர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்று அறிகிறோம். "சோகம் 2" தொகுத்தவர் பெயர் கிடைக்கவில்லை. நற்றிணையைத் தொகுத்தவர் பெயரே கிடைக்காதபோது இதற்கு வருந்துவானேன்? "சோகம் 2"-இல் காணப்படும் இரண்டு குத்துப்பாட்டுகள் இடைச்செருகல் என்பது ஒரு சாரார் துணிபு. கடைக்காரர் ஆழ்ந்து உணர்ந்தே வைத்தார், துயரின் எல்லை ஆட்டமே என்பது மறுசாரார் துணிபு (சித்தப்பா, வாய்மொழி, மொட்டை மாடி, மின்வெட்டு, மின்சாரம் வந்ததும் உரை முற்றுப்பெறாமல் நின்றது, எஞ்சிய பகுதி கொசுக்கடியால் சிதைந்தது).

ஷேர்இட் காலம்: இதன் முடிவுநாள் இந்தியாவில் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் ஷேர்இட், ஜெண்டர் இரண்டும் இருந்தன. சங்க காலத்துக்கும் இப்படியொரு தேதி கிடைத்திருந்தால் எத்தனை பேராசிரியர்கள் கருத்தரங்குக்குப் போக வழியின்றி வீட்டில் இருந்திருப்பார்கள்! சித்தப்பா மட்டும் இன்றும் "ஷேர்இட்ல அனுப்பு" என்கிறார். அரசன் மாண்ட பின்னும் அவன் காசு சந்தையில் செல்லுபடியாவது போன்றது இது.

வாட்ஸ்அப் காலம்: நடப்பில் உள்ளது. மேற்கண்ட கல்யாணத்தில் பத்துப் படங்களை ஒருவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நால்வர் நான்கு செயலிகளைச் சொன்னார்கள், இருவர் இறக்கிப் பார்த்தார்கள், ஒருவர் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருந்தார். கடைசியில் படங்கள் வாட்ஸ்அப்பிலேயே சுருங்கிப் போய்ச் சேர்ந்தன. மாப்பிள்ளையின் மீசை தேயவும், அது மீசைதானா என்பது மேலாய்வுக்கு உரியதாயிற்று. (ஆய்வேடுகளில் "மேலாய்வுக்கு உரியது" எனில் ஆய்வாளருக்கு அலுத்துவிட்டது என்று பொருள்.)

6. ஆய்வு முடிவுகள்

ஒன்று: அதே படங்களை வாட்ஸ்அப்பில் "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் சுருங்காமல் போகும்; 2022 முதல் ஒரு கோப்பு 2 ஜிபி வரைகூட இருக்கலாம். மின்னஞ்சல் இதற்கு ஆகாது: ஜிமெயில் இணைப்பின் எல்லை 25 எம்பி.

இரண்டு: பக்கத்தில் இருப்பவருக்கு அனுப்பச் செயலி எதையும் இறக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் குயிக் ஷேர் ஃபோனோடே வருகிறது. ஐஃபோனில் 2013 முதல் ஏர்டிராப் இருக்கிறது. இரண்டும் கலந்த வீடு மட்டும் விலக்கு: அங்கே லோக்கல்சென்ட் என்னும் இலவசச் செயலி ஒரே வைஃபையில், இணையம் இல்லாமலே வேலை செய்யும். மருதத்திணை வீடுகளுக்கு இது வாயில்.

மூன்று: ஃபோனோடு வந்ததை எவரும் பரிந்துரைப்பதில்லை. அதில் பரிந்துரைப்பவருக்குப் பெருமை இல்லை. பரிந்துரை என்பது பிறர்க்குச் சொல்லும் அறிவுரை அன்று, தாம் கொடுத்த காசுக்குத் தாமே தேடிக்கொள்ளும் ஆறுதல்.

ஆகவே வாசகர்க்கு ஒன்று. யாரேனும் உங்களிடம் நல்ல ஃபோன் கேட்டால், உடனே வாய் திறக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். வாங்கிவிட்டார் எனில், "அதைவிட நல்ல ஃபோன் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போங்கள்.