ஆகாயத்தில் சரிபாதி பாத்தியம்

மதுரைச் சீமையில் கூட்டு என்பது புதிய சமாசாரமன்று. வைகை வெறும் மணலாய்க் கிடக்கும் மாதங்களில் இந்தச் சமவெளியின் தோட்டங்கால்களைக் காப்பாற்றிக் கொடுப்பவை கிணறுகள். அக்கிணறுகளிலோ நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பங்காளிகள் பாத்தியம் கொண்டாடி, திங்கள் உனக்கு, செவ்வாய் எனக்கு என்று முறை வைத்து இறைத்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாய் நடந்துவரும் வழக்கம். ஆகையால் என் பால்ய சிநேகிதர் ஒரு சாயங்காலம் மேலமாசி வீதிக் காப்பிக் கடையில், "ஏப்பா, நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு ஏரோப்ளேன் வாங்குனா என்ன?" என்று கேட்டபோது, "சேந்து" என்றதில் எனக்கு யாதொரு ஆச்சரியமும் உண்டாகவில்லை, அதற்குப் பின்னால் வந்ததே காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்படி செய்தது.

சிநேகிதர் வாலிபப் பிராயத்தில் நாற்பது மணி நேரம் பறந்து பழகி, சொந்த விமானம் ஓட்டுவதற்கான லைசென்ஸ் பெற்றவர். பிறகு கல்யாணம், ஜவுளி வியாபாரம், இரண்டு பெண்களின் படிப்பு என்று ஒவ்வொன்றாய்க் குறுக்கிட, லைசென்ஸ் காலாவதியாயிற்றேயொழிய ஆசை காலாவதியாகவில்லை. அடியேனோ ஏணியில் நாலாம் படிக்கு மேல் ஏறினால் ஸ்ரீ மீனாட்சியம்மனை ஸ்மரிக்கிறவன். இருந்தும் நான் மறுக்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஒத்தக்கடையிலிருந்து பார்க்கும்போது துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் ஆனைமலை, நேர் மேலே நின்று பார்த்தாலும் ஆனையாகவே தென்படுமா என்ற சந்தேகம் சிறு வயதுமுதல் என்னை விட்டபாடில்லை. அதைத் தீர்த்துக்கொள்ள வேறு மார்க்கமும் இல்லை.

மேலும், நண்பர் இருவர் கூடி விமானக் காரியத்தில் இறங்குவதற்கு இந்நாட்டில் உத்தமமான முன்மாதிரி இருக்கிறது. 1929-இல் இந்தியாவின் முதல் விமானமோட்டி லைசென்ஸைப் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டாவும், பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்துவிட்டு வந்த நெவில் வின்சென்ட்டும் சேர்ந்து தொடங்கிய தபால் சேவையே பிற்காலத்தில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி டாட்டா பஸ் மாத் என்ற சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து தபாலோடு பம்பாய் வந்து சேர்ந்தார். பம்பாயிலிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றவர் வின்சென்ட். ஒருவர் இறங்கிய ஊரில் மற்றவர் ஏறிக்கொண்டார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சிநேகம் நீடித்ததன் ரகசியம் அதிலேதான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். நமது பக்கத்திலும், கோட்டையூர் அழகப்பச் செட்டியார் லண்டனையடுத்த கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழ் வாங்கியதோடு நில்லாமல், பின்னாளில் ஜூப்பிட்டர் ஏர்வேஸ் என்று ஒரு விமானக் கம்பெனியையே ஸ்தாபித்தார். ஆனால் அவர் பொறியியல் கல்லூரிக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அள்ளிக் கொடுத்த வள்ளல். நாங்கள் காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்பதையே கண்ணால் பேசித் தீர்க்கிறவர்கள்.

சிநேகிதர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது செஸ்னா 152 என்ற இரட்டை ஆசன விமானம். 1977 முதல் 1985 வரை மட்டுமே உற்பத்தியான ரகமாதலால், அவற்றுள் மிக இளையதும் இன்று நாற்பது வயதை எட்டியாயிற்று. "நம்ம மூத்த மாப்பிள்ளையைவிடப் பெரியது" என்று சிநேகிதர் அதை மரியாதையோடு குறிப்பிட்டார். மொத்தம் 757 கிலோவுக்குமேல் கனத்தோடு அது கிளம்பலாகாது. விமானத்தின் கனம் ஏறத்தாழ 500 கிலோ. தொட்டி நிறைந்த பெட்ரோல் 70 கிலோ. சிநேகிதர் 95, நான் 90. மிச்சம் இரண்டு கிலோ. சிம்மக்கல்லில் கறிதோசை சாப்பிட்டுவிட்டு நேரே பெருங்குடி விமான நிலையம் போய் ஏறினால் சட்டப்படி இருவரில் ஒருவர் இறங்க வேண்டியதுதான். இறங்க வேண்டியவர் யார் என்பதில் சிநேகிதருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எரிபொருள் விஷயமும் லேசானதன்று. பெருங்குடியில் வந்து இறங்கும் பெரிய விமானங்கள் குடிப்பது மண்ணெண்ணெய் ஜாதி. எங்களுடையதற்கு வேண்டியதோ அவ்கேஸ் என்ற ஒரு தனிப் பெட்ரோல். 2022-இல் இந்தியன் ஆயில் வதோதரா ஆலையில் அதைத் தயாரிக்கத் தொடங்கும்வரை முழுவதும் கப்பலில் வந்துகொண்டிருந்த பண்டம் அது. மணிக்கு இருபத்து மூன்று லிட்டர் செல்லும். வரியோ கேட்கவே வேண்டாம்: சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு 2025 செப்டம்பர் முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். சர்க்கரை போட்ட கலர் சோடாவுக்கும் அதே நாளில் அதே விகிதம் வந்தது. "பாத்தியா, கலர் குடிக்கிறவனும் நாமும் சர்க்காருக்கு ஒண்ணுதான்" என்று சிநேகிதர் அதிலும் ஒரு சமத்துவத்தைக் கண்டு திருப்தியடைந்தார்.

சிநேகம் வேறு, சொத்து வேறு என்பது மதுரை தர்மமாகையால், முதலில் உடன்படிக்கை எழுதிவிடத் தீர்மானித்து, சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நாற்பது வருஷமாய்ப் பத்திரம் எழுதும் ஒரு பெரியவரை அடைந்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "மொதல்ல நாலு எல்லையச் சொல்லுங்க அய்யா" என்றார்.

"விமானத்துக்கு எல்லை ஏதுங்க?" என்றார் சிநேகிதர்.

"எல்லை இல்லாத சொத்துக்கு வில்லங்கம் எப்பிடிப் போட்டுப் பாக்குறது? சரி, சொத்து நகருமா, நகராதா?"

"நகரும். அதுக்குத்தானே வாங்குறோம்."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கடிந்துகொண்டு, கைப்பழக்கத்தில் ஏற்கனவே எழுதிவிட்டிருந்த நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம் என்ற பாத்தியங்களில் ஜலத்தையும் தருவையும் பாஷாணத்தையும் அடித்தார், நிதி நிக்ஷேபங்களை மட்டும், பழைய வண்டியானால் சீட்டுக்கடியில் ஏதாவது அகப்படக்கூடும் என்று விட்டுவைத்தார். இன்னார் ஓட்டுவார், இன்னாருக்கு ஓட்டத் தெரியாது என்ற விவரம் கேட்டதும் பேனாவை நிறுத்தி, என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அப்ப உங்களுக்கு என்னங்கய்யா அனுபோகம்?" என்றார். "பார்க்கிற பாத்தியம்" என்றேன். ஆனைமலையைப் பற்றி விஸ்தரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதற்குமேல் அவர் கேட்ட கேள்விதான் எங்களைத் திகைக்க வைத்தது: "பறக்கிற அன்னிக்குச் செலவு சரி. பறக்காம நிக்கிற அன்னிக்கு யாரு பொறுப்பு?" அவருடைய அனுபவத்தில், கிணற்றில் தண்ணீர் ததும்பும்போது எந்தப் பங்காளியும் கோர்ட்டுக்குப் போனதில்லையாம், வற்றிய பிறகு, தூர் வாரும் செலவு யாருடையது என்பதில்தான் மண்டை உடையுமாம். விமானமோ பெரும்பாலும் நிற்கிற வஸ்து. நிற்க இடவாடகை, இன்ஷூரன்ஸ், பறக்கத் தகுதியுடையதென்று டில்லி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒப்புக்கொள்வதற்கான சோதனைகள் ஆகிய எல்லாம் அது நின்றபடியே தின்னும் தீனி. 2,400 மணி நேரம் ஓடியபின் இயந்திரத்தை முழுக்கப் பிரித்துக் கோக்க வேண்டும் என்று சிநேகிதர் சொல்லக்கேட்ட பெரியவர், "அதான் தூர் வார்றது" என்று தலையாட்டிவிட்டு, "தூர் வாரும் செலவு சரிபாதி, இறைக்கும் செலவு அவரவர் இறைத்த மணிக்கு" என்று ஒரே வரியில் எழுதி முடித்தார். வெள்ளைக்காரச் சீமையில் கூட்டாக விமானம் வைத்திருப்பவர்களும் இதே நியாயத்தைத்தான் அனுசரிக்கிறார்கள் என்று சிநேகிதர் வியந்து சொன்னபோது, பெரியவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வேறெப்படி இருக்க முடியும் என்பதுபோல் மைக்குப்பியை மூடினார்.

முறை வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் ரைட் சகோதரர்களை எடுத்துரைத்தேன். 1903 டிசம்பர் 14-ஆம் தேதி, முதலில் யார் ஏறுவது என்று காசு சுண்டிப் போட்டதில் வில்பர் ஜெயித்து ஏறி, எழும்பிய வேகத்திலேயே மணலில் இறக்கிச் சேதப்படுத்தினார். பழுது பார்த்து முடிந்த 17-ஆம் தேதி ஆர்வில்லின் முறை. 12 வினாடி, 120 அடி, அழியாப் புகழ். இருவரும் ஒரே விமானத்தில் சேர்ந்து பறந்ததோ, தகப்பனார் அனுமதி கொடுத்த 1910 மே 25-ஆம் தேதி ஒரே தடவை. "நல்ல பங்காளிக" என்றார் பெரியவர்.

நிற்கும் செலவை மாதக் கணக்காக்கிப் பத்திரத்தின் முதுகில் எழுதிப் பார்த்த சிநேகிதர் வெகுநேரம் பேசாதிருந்தார். பறப்பதை யாரும் பங்கிட்டுக்கொள்வார்கள்; நிற்பதைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதிக்கிறவர்களே கூட்டாளிகள் என்ற உண்மை எங்களிருவருக்கும் ஏககாலத்தில் புலனாயிற்று. எழுத்துக் கூலியைச் சரிபாதியாகக் கொடுத்துவிட்டு எழுந்தோம்.

கூட்டுக்குத் துணிந்த இரண்டு பேரைச் சும்மா விடுவது தொழிலுக்கு அழகன்று என்று பெரியவர் கருதினார் போலும். "செக்கானூரணிப் பக்கம் ஒரு ஏக்கர் வெலைக்கு வருதுங்கய்யா, கெணத்துல சரிபாதி பாத்தியம், நாலு எல்லையும் சுத்தம்" என்றார்.

சிநேகிதர் முகத்தில் பிரகாசம் வந்தது. "கிழமேலா எத்தனை அடி நீளம் இருக்கும்?" என்று கேட்டார். ஐம்பது அடி உயரத் தென்னையைத் தாண்டி எழும்ப, குளிர்ந்த நாளில், கடல் மட்டத்திலேயே, செஸ்னாவுக்கு 1,340 அடி வேண்டும். ஒரு ஏக்கரை அந்த நீளத்துக்கு இழுத்தால் அகலம் முப்பத்திரண்டரை அடி. இறக்கையோ முப்பத்து மூன்று அடி நாலு அங்குலம்.

"ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு அங்குலம் அடுத்தவன் காட்டுல நீட்டுமேப்பா" என்றேன்.

பெரியவர் மூடிய மைக்குப்பியைத் திறந்தார். "அதுக்கென்ன, ரெண்டு காட்டுக்காரங்ககிட்டயும் பாதைப் பாத்தியம் எழுதி வாங்கிருவோம். ஆகாயமா, நெலமா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.