கட்டுரை என்னும் இடையூறு

பத்திரிகையின் முதல் எதிரி கட்டுரைதான் என்பதை வடிவமைப்பு மாணவர்கள் முதல் பருவத்திலேயே கண்டுகொள்கிறார்கள். பக்க அமைப்புப் பயிற்சியில் அவர்கள் பத்திகளை நிரப்புவது லோரம் இப்சத்தால், சிசரோ கி.மு. 45-இல் எழுதிய தத்துவ நூலைக் கண்டபடி வெட்டிக் குலைத்த லத்தீன் அது. என்ன பணிவு! இழுத்தால் நீளும், ஒரு வரி மிஞ்சினால் வாய் திறக்காமல் வெட்டுப்படும். நிஜக் கட்டுரையோ கடைசி நேரத்தில் கூடுதலாக நூறு சொல்லோடு வந்து நிற்கும். அதிலும் தமிழ் என்றால், 'அனுப்பிவைக்கப்பட்டிருந்தவர்களுக்கு' என்ற ஒற்றைச் சொல்லே பத்தியின் அகலத்தை விழுங்கிவிடும்.

கட்டுரையை இப்படி எதிரியாகப் பார்ப்பதற்கு முன்னோடியும் உண்டு. 1994-இல் அமெரிக்க இசைப் பத்திரிகையான 'ரே கன்'னில், பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பூட்டுகிறது என்று பத்திரிகையின் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் அதை ஸாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில், அதாவது வெறும் குறிகளாகவும் குட்டிப் படங்களாகவும், அச்சேற்றினார். வாசகர் எப்படிப் படிப்பார் என்று சிலர் கேட்கிறார்கள். படித்தால்தானே பிழை கண்டுபிடிப்பார்! அதே இதழின் பின்பக்கத்தில் பேட்டி படிக்கும்படியும் வந்ததே என்பார்கள். முன்னோடிக்கு அந்தத் தயக்கம் இருந்தது, மாணவர்களுக்கு இல்லை. எழுத்தாளர் பாவமில்லையா என்றால், லோரம் இப்சம் சன்மானம் கேட்பதில்லை என்பதே பதில். ஒரே இடத்தில்தான் புரட்சி சறுக்குகிறது: பக்கத்தின் அடியில், 'வடிவமைப்பு' என்பதற்குப் பக்கத்தில், தம் பெயரை மட்டும் 14 புள்ளித் தடித்த எழுத்தில், கண்ணாடி போடாத தாத்தாவும் படிக்கும்படி வைத்துவிடுகிறார்கள்.