கோடை மூளை இலக்கணம்

அமெரிக்காவில் பள்ளி அடைத்துத் திறப்பதற்குள், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்து நரம்பறிவியலும் உளவியலும் சொல்லிக்கொடுப்பது கோடைப் படிப்பு எனப்படும். அதைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் முதலில் பல்கலைக்கழகத்தின் பெயரையும், அடுத்துக் கட்டணத்தையும், நேரமிருந்தால் பாடத்தையும் பார்ப்பர். அது உலக வழக்கு. இலக்கண வழக்கோ, பணம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று முதலில் பார்ப்பது.

அவ்வாறு பார்க்கின் கோடைப் படிப்பு மூன்று வகை: கொடுப்பது, கொடுக்காமலும் கொள்ளாமலும் இருப்பது, கொள்வது. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் சைமன்ஸ் ஆய்வுத் திட்டம் முதல் வகை. ஆய்வகத்தில் வேலைசெய்யும் பிள்ளைக்கு முடிவில் உதவித்தொகை உண்டு. எம்.ஐ.டி. வளாகத்தில் ஆறு வாரம் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்னும் ஆய்வுத் திட்டம் இரண்டாம் வகை. இவை பல துறைக்கும் பொது; மூளை அவற்றுள் ஒரு துறை. வீடு தேடிப் பளபளப்பான அழைப்பு அனுப்புவன பெரும்பாலும் மூன்றாம் வகை. இரண்டு வாரத்துக்கு ஐயாயிரம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. முதலிரண்டும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும். மூன்றாவதும் தேர்ந்தெடுத்ததாகத்தான் அழைப்பில் எழுதும்.

இங்கே வேற்றுமை அறிதல் வேண்டும். ‘பல்கலைக்கழகம் நடத்துவது’ என்பது எழுவாய். ‘பல்கலைக்கழகத்தில் நடப்பது’ என்பது ஏழாம் வேற்றுமை. கோடையில் காலியாகும் விடுதியையும் வகுப்பறையையும் வாடகைக்கு எடுத்து வேறொரு நிறுவனம் நடத்துவதும் இதற்குள் அடங்கும். சான்றிதழில் கட்டடத்தின் படம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

இனி, கைக்கு எட்டும் பொருளால் நான்கு. ஆட்டு மூளையை அறுப்பது தலை. பிளாஸ்டிக் மூளையைக் கழற்றி மாட்டுவது இடை. திரையில் மூளையின் படத்தைக் காண்பது கடை. ‘மூளை’ என்ற சொல்லை மட்டும் கேட்டுவருவது கடையினும் கடை. மனித மூளை இருக்க ஆட்டு மூளை எதற்கு எனின், முன்னது எளிதில் கிடைக்காது. பின்னது எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், மடிப்புகளும் சிறுமூளையும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடமும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு இப்பொருள் மிளகு வறுவலாக முன்பே பழக்கம் என்பதால், அன்றைய மதியச் சாப்பாடு குறித்து இந்நூல் எதுவும் விதிக்கவில்லை.

விலை உயர்ந்த கருவியைக் கண்டு மயங்கற்க. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, சான் டியேகோவில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவர்கள் அந்த இல்லாத கையில் உணரும் வலியை ஆராயக் கொண்டுவந்தது ஒரு பெட்டி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரிய, சிலருக்கு வலி தணிந்தது.

உளவியல் வகுப்பு இரண்டு: கதை சொல்வது, கணக்குப் பார்ப்பது. 1848இல் மண்டையில் இரும்புக்கம்பி பாய்ந்தும் பிழைத்த ஃபினியஸ் கேஜின் கதை இல்லாத கோடையே இல்லை, சுவையான கதைதான். ஆனால் பிள்ளையே ஒரு கேள்வி அமைத்து, பத்துப் பேரிடம் சம்மதம் வாங்கி, அவர்கள் பதில் சொல்லும் நேரத்தை அளந்து, கடைசியில் ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று கண்டுவருவது அதனினும் சிறந்தது என்பது என் துணிபு.

பணம் கொடுப்பதே உயர்ந்தது என்று மேற்சொன்ன வகைப்பாட்டிலிருந்து தோன்றலாம்; அதற்கு ஒரு விலக்கு உண்டு. 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு உளவியல் துறையின் நிலவறையில், இளைஞர்களுக்கு நாளுக்குப் பதினைந்து டாலர் கொடுத்துச் சிறைச் சோதனை ஒன்று நடந்தது. பாதிப் பேர் கைதிகள், பாதிப் பேர் காவலர்கள். இரண்டு வாரத் திட்டம். ஆறே நாளில் நிறுத்தினார்கள். பணத்தின் திசையால் இது முதல் வகை. விடுதி வசதியால் எவ்வகையும் அன்று. காவலர்களுக்குக் கடுமை காட்டச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. ஒரு கோடைப் படிப்பின் தரம் அறிய, இச்சோதனையை எப்படிப் பாடமாக நடத்துகிறார்கள் என்று கேட்டறிக. மனித இயல்பின் சான்றாக மட்டும் சொல்லி முடிப்பது ஒரு வகை. அதில் என்ன கோளாறு என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே இருக்கும் தூரம், கட்டணப் பட்டியலில் எங்கும் தெரியாது.

ஒழிபு. கால அட்டவணையைக் கேட்டு வாங்குக. வளரிளம் பருவத்தில் உடலின் கடிகாரம் பின்தள்ளிப் போகும். இரவில் தூக்கம் தாமதமாக வரும். அதனால்தான் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. ‘பதின்பருவ மூளை’ என்ற விரிவுரையை எட்டு மணிக்கு வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை தாங்களே கேட்கலாம்.

விண்ணப்பக் கெடு பற்றியும் ஒரு சொல். பணம் கொள்ளாதவற்றுக்கு அது குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். கொள்வன பலவற்றில் மே மாதத்திலும் ‘கடைசிச் சில இடங்கள்’ இருக்கும்.