திருடனுக்கு வைத்த சுவிட்ச்

எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் புகார் கொடுக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று காவல் நிலையம். மற்றொன்று விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பர் கோவில். அங்கே முருகனுக்குத் தாளில் பிராது எழுதி, முனியப்பர் முன்னால் உள்ள சூலத்தில் கட்டிவிட்டு வரலாம். காரியம் முடிந்ததும் மறுபடி போய், பிராதைத் திரும்பப் பெறுவதாக ராஜினாமா கொடுக்க வேண்டும். மனுவைத் தொடங்கி முடித்துவைக்கும் நடைமுறை இத்தனை ஒழுங்காக இருக்கும் அலுவலகம் எங்கள் மாவட்டத்தில் வேறு உண்டா என்பது சந்தேகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிராதை விசாரிக்கிறவரே தலபுராணப்படி வழிப்பறி செய்தவர். விருத்தாசலத்தைப் பாடாமல் கடந்துபோன சுந்தரரை வேடன் உருவில் மறித்து, கையில் இருந்ததைப் பறித்துக்கொண்டு, "விருத்தாசலத்துக்கு வந்து வாங்கிக்கொள்" என்று சொன்னவர் கொளஞ்சியப்பர்தான். அப்பா சிவனின் உத்தரவு, செய்தார். தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்தவரிடம் புகார் கொடுப்பதும் ஒருவகையில் நியாயம்தானே?

என் மச்சானுக்கு இதிலெல்லாம் திருப்தி இல்லை. "போனப்புறம் பிராது கட்டி என்னா மாமா பண்றது? போகாம இருக்க வழி பாப்போம்" என்றான். காரில் பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் கரண்டை நிறுத்த ரகசிய சுவிட்ச் ஒன்று வைக்கவேண்டும் என்பது அவன் கட்சி. திருடன் கண்ணாடியை உடைத்து, வயரை உருவி, செல்ஃப் அடிப்பான், வண்டி பிடிக்காது, தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவான். கேட்கக் கேட்க எனக்கே அந்தத் திருடன்மேல் பரிதாபம் வந்தது.

என் கார் எனக்கு முன்பே இரண்டு பேரிடம் குப்பை கொட்டிய ஆல்டோ. சாவித் துவாரம் தேய்ந்துபோய், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவி எடுத்துக் காது குடையலாம். "இதை எவன் திருடுவான்? தள்ளிக்கிட்டுப் போவவே ரெண்டு ஆளு வேணுமே" என்று அம்மா கேட்டதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியைத் தாண்டிப் போவதுதான் மச்சானின் பலம்.

அந்தக் காலத்தில் இந்தக் கவலைக்கு எளிய மருந்து இருந்தது. அம்பாசடரில் பெட்ரோல் பம்ப் என்பது இன்ஜினே இடித்து இயக்கும் சாதனம்; அதற்குக் கரண்டும் இல்லை, சுவிட்சும் இல்லை. விவரம் தெரிந்த டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து, டெல்கோ என்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கல்யாணப் பந்திக்குப் போவார்கள். ரோட்டர் இல்லாமல் பிளக்குக்குப் பொறி போகாது. இன்ஜெக்ஷன் வண்டிகள் வந்தபிறகு பம்ப் மின்சாரத்துக்கு மாறி, பின்சீட்டுக்கு அடியில் டேங்குக்குள்ளேயே குடிபோய்விட்டது. இன்று ஒருவன் பானெட்டைத் திறந்தால், என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடவேண்டியதுதான்.

சுவிட்ச் யோசனை எங்கள் ஊரான கம்மாபுரத்து டீக்கடைக்குப் போனது. டீ ஆறுவதற்குள் ஆளுக்கொரு வயரிங் டயகிராம் போட்டார்கள். டேங்குக்குப் போகிற வயரைப் பின்சீட்டுக்கு அடியிலேயே வெட்டி சுவிட்ச் போடு என்றார் ஒருவர். கியர் பக்கத்தில் வை, கைக்கு வாகாக இருக்கும் என்றார் இன்னொருவர். யாருடைய கைக்கு என்பதை அவர் சொல்லவில்லை.

என் சித்தப்பா மகன் வேறு வழி சொன்னான். அவன் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்குமேல் கிடக்கும் களிமண், விருத்தாசலத்துக்கு வந்து சூளையில் வெந்து அகல்விளக்காகவும் பொம்மையாகவும் இன்சுலேட்டராகவும் வீடுகளில் மாட்டும் பீஸ் கட்டையாகவும் மாறுகிறது. அப்படி ஒரு வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதை டேஷ்போர்டுக்கு அடியில மாட்டிடுண்ணே. நைட்டு கட்டையப் புடுங்கித் தலைமாட்டுல வெச்சிக்கிட்டுத் தூங்கு. நம்மூரு பொருள்" என்றான். அம்பாசடர் ரோட்டருக்கும் விருத்தாசலத்துத் தொழில்வளர்ச்சிக்கும் ஒரே கல்லில் மரியாதை செய்த யோசனை. ஊர்ப்பற்றில் நான் ஏறக்குறைய சம்மதித்துவிட்டேன்.

காப்பாற்றியது விருத்தாசலத்தில் இருக்கும் எலக்ட்ரீசியன் அண்ணன். கடைப் பலகையில் 'செல்ப், டைனமோ, ஹாரன்' என்று எழுதியிருக்கும். கார்கள் டைனமோவை விட்டு ஆல்டர்னேட்டருக்கு மாறி எத்தனையோ காலமாயிற்று, பலகை மாறவில்லை. பீங்கான் கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நல்ல சரக்கு. வீட்டுச் சுவத்துல மாட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். கார் குலுங்குமாம். குலுக்கலில் கட்டை லூசாகுமாம். லூசானால் பொறி வருமாம். கம்பி அறுந்தால் நாங்கள் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றிவிடுவோம் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். எங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஒரு பாடமே நடத்தினார். "பம்ப்பு இழுக்கறது நாலஞ்சு ஆம்பியர் சார். அத்தனையும் இந்த அம்பது ரூபா சுவிட்சு வழியா உட்டீங்கன்னா கான்டாக்ட் கருகும், வயரு சூடாகும். எங்க சூடாகும்? பெட்ரோல் பக்கத்துல." அதற்காகத்தான் கம்பெனிக்காரனே நடுவில் ரிலே வைத்திருக்கிறான். ரிலேவின் காயில் இழுப்பது கால் ஆம்பியர்கூட இருக்காது. அந்தச் சின்ன வயரில் சுவிட்ச் போட்டால் போதும். பம்ப்பின் பெரிய வயரையும் அதன் ஃபியூஸையும் யாரும் தொடவேண்டியதில்லை. முதல் வேலை பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது. வயரை நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். முறுக்கி டேப் சுற்றுகிற கதையே கூடாது, எங்கள் ஊர்க் கத்திரி வெயிலில் டேப் பசை இளகி அவிழ்ந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சுருங்கும் ஸ்லீவ் போடவேண்டும். தகரத்தில் ஓட்டை வழியாக வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகர விளிம்பே நாளடைவில் வயரை அறுக்கும். ஸ்டியரிங் தண்டு, பெடல் பக்கம் வயர் தொங்கவே கூடாது.

"சுவிட்ச எங்க வைக்கறது?" என்று மச்சான் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"முட்டி இடிக்காத எடம், கொழந்த கை போவாத எடம்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தாமல். ஓடுகிற வண்டியில் தெரியாமல் அதைத் தட்டினால் இன்ஜின் நின்றுவிடும். பவர் ஸ்டியரிங் இருக்கிற வண்டியில் அது கல்லாகிவிடும். பிரேக் இரண்டு மூன்று அழுத்தல்வரைதான் இலேசாக இருக்கும், அப்புறம் முழுப் பலத்தையும் போட்டு மிதிக்கவேண்டும். அந்த நேரம் பதறிச் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். என் சாவியின் யோக்கியதையை அப்போதுதான் அவரிடம் காட்டினேன். உருவி, ஆட்டி, மறுபடி சொருகினேன். நெடுநேரம் பார்த்தார். "வாசல்ல கதவே இல்ல, அலமாரிக்குப் பூட்டு கேக்கறீங்க" என்றார். லாக் செட்டை மாற்றாமல் சுவிட்சில் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாற்றினோம். பட்ஜெட்டில் பெரிய துண்டு அதற்கே விழுந்தது.

இன்னொன்றும் எச்சரித்தார். பம்ப்பை நிறுத்தினாலும் குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் பெட்ரோலில் வண்டி பிடித்துக் கொஞ்ச தூரம் ஓடும். நிற்பது வீட்டு வாசலிலா, நடுரோட்டிலா, ரயில்வே கேட்டிலா என்பது அதன் இஷ்டம். அதற்கு செல்ஃப் ரிலேயின் வயரில் சுவிட்ச் வைப்பது மேல். ஓடுகிற இன்ஜினை அது எந்தக் காலத்திலும் நிறுத்தாது. மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்துவிடுவார்களாம். அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது, எங்கள் தெருவில் என் வண்டியைத் தள்ளிப் பழகாத ஆண்பிள்ளை கிடையாது. பம்ப்பே என்று முடிவாயிற்று.

சுவிட்ச் இருக்கும் இடம் ஒருவருக்கு மட்டுமே தெரியவேண்டும் என்று சட்டம் போட்டவனும் மச்சான்தான். அந்த ஒருவன் நான். மாமனாரை விருத்தாசலம் ஜங்ஷனில் இருந்து கூட்டிவர ஒருநாள் விடியற்காலையில், நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது சாவியை எடுத்துப்போனவன் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வண்டி ஒரே அடியில் பிடித்தது. குழாயில் இருந்த பெட்ரோலில் கம்பீரமாகத் தெருமுனை திரும்பியது. ஒன்றிய அலுவலகம் தாண்டியதும் நின்றது. நெய்வேலிக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் இறங்கித் தள்ளினார்கள். தள்ளினாலும் பிடிக்காத வண்டி என்ற பெருமையை அன்று அது முதன்முதலாகப் பெற்றது. யாரோ கூட்டிவந்த மெக்கானிக், பம்ப் போய்விட்டது, டேங்கை இறக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி ஸ்பானரும் எடுத்துவிட்டார். நான் லுங்கியோடு ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். கூடியிருந்த கூட்டம் முழுவதும் குனிந்து பார்த்தது. அன்றிலிருந்து கம்மாபுரத்தில் அந்த சுவிட்ச் இருக்கும் இடம் தெரியாதவர் என் மாமனார் ஒருவர்தான். அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

மச்சான் இப்போது செல்போனில் நிறுத்துகிற கருவி வாங்கலாம் என்கிறான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் 2010-இல் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். தவணை கட்டாதவர்களின் வண்டியைத் தூரத்தில் இருந்தே முடக்கும் கருவியைக் கார் விற்கும் கடை ஒன்று பொருத்தியிருந்தது. வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஊழியர் ஒருவர் இன்னொருவரின் கடவுச்சொல்லை வைத்து உள்ளே புகுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளை முடக்கியும் நடுராத்திரியில் ஹாரன் அடிக்க வைத்தும் ஊரை எழுப்பிவிட்டார். "நம்ம கடவுச்சொல் நமக்குத்தான மாமா தெரியும்" என்றான். சுவிட்ச் விஷயத்திலும் இதையேதான் சொன்னான்.

இன்ஷூரன்சில் தள்ளுபடி கிடைக்குமா என்றும் விசாரித்தேன். வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி என்றால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்துவைத்த சுவிட்சுக்கு ஒன்றும் கிடையாது. வாரண்டி இருக்கும் புது வண்டியாக இருந்தால், வயரை வெட்டிய கையோடு அதற்கும் தகராறு வரலாம். சாவியிலேயே சிப் வைத்த இம்மொபிலைசர் உங்கள் வண்டியில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். கம்பெனிக்காரன் ஏற்கெனவே செய்து கொடுத்துவிட்டான்.

பழைய வண்டிதான், வைத்தே தீருவேன் என்கிறவர்கள் செல்ஃப் ரிலேயில் வையுங்கள், வயரிங் தெரிந்தவர் கையால் வையுங்கள். வைத்த இடத்தைத் திருடனுக்குச் சொல்லவேண்டாம், மச்சானுக்குச் சொல்லிவிடுங்கள்.