பயிற்சிக்கு ரோவில் வாருங்கள்

ஆய்வகத்து அறிவைத் தொழில் நிறுவனங்களிடம் கொண்டுசேர்க்கும் அலுவலர்களுக்கு மென்திறன் போதவில்லையாம். பொறுமையாகக் கேட்கவும், எதிராளியின் எதிர்பார்ப்பை வலிக்காமல் இறக்கிவைக்கவும் பயிற்சி தேவையாம். மெல்பேர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் தொலைதூரம் போக வேண்டாம்; பக்கத்திலேயே ரோவில் புறநகர் இருக்கிறது.

ஹண்டிங்டேல் ரயில் நிலையத்தில் பிரிந்து, மொனாஷ், ரோவில் வழியாக ஃபெர்ன்ட்ரீ கல்லி வரை ரயில் விடலாமென்று 1969 போக்குவரத்துத் திட்டத்திலேயே கோடு போட்டாயிற்று. பிறகு சாத்திய ஆய்வுகள். 2018இல் ரயில் சுருங்கி டிராம் ஆனது, அதுவும் வாக்குறுதியாகத்தான். தண்டவாளம் மட்டும் வரவில்லை.

ரோவிலின் ஸ்டட் பார்க் கடைத்தொகுதி வாசலில் 900ஆம் எண் பஸ்ஸுக்கு நிற்கும் நம்மவர் ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள்:

"தம்பி, ரயில் எப்ப வரும்?"

"திட்டமிடல் நிலையில இருக்கு, அண்ணை."

முகத்தில் புன்னகை மாறாமல், குரலில் பொய் தெரியாமல் இதைச் சொல்லத் தெரிந்தவருக்குப் பேராசிரியரின் கண்டுபிடிப்பு எப்போது கடைக்கு வருமென்று கேட்கும் முதலீட்டாளரெல்லாம் எம்மாத்திரம்?

பயிற்சிக்கு வருபவர்கள் சொந்தக் காரில் வருவது நல்லது.