மூடி இருக்கிறது, பாத்திரம் எங்கே?

கே: வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போட்டோம். மொத்தம் 14 கதவு. அப்படியும் இடம் பத்தவில்லை. என்ன மாயம் இது?
– மேடவாக்கம் வாசகி

ப: கதவை எண்ணியிருக்கிறீர்கள், உள்ளே இருக்கும் தட்டை எண்ணவில்லை. ஏதாவது ஒன்றைத் திறந்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே 14 அங்குலம் விட்டிருப்பார்கள். அதில் 5 அங்குல மிளகாய்த்தூள் டப்பா ஒன்று ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த ஆகாயத்துக்கும் சேர்த்துத்தான் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுத்தீர்கள். பக்கப் பலகையில் நாலு துளை போட்டு நடுவில் இன்னொரு தட்டு இறக்கச் சொல்லுங்கள். தச்சருக்கு அரை நாள் வேலை. அது முடியாதென்றால் பின்வரிசைக்கு மட்டும் ஒரு சின்ன பலகைப்படி போடுங்கள். கொலுவில் கடைசிப் படி பொம்மையும் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா, அதே சூத்திரம். படிக்கு அடியில் மாதம் ஒரு தரம் தொடும் சேமியா, ஜவ்வரிசி பாக்கெட்டுகள் படுத்துக்கொள்ளட்டும்.

கே: என் மாமியார் வட்ட எவர்சில்வர் டப்பா கட்சி. நான் சதுர டப்பா கட்சி. தீர்ப்புச் சொல்லுங்கள்.
– ஒரு மருமகள், ஸ்ரீரங்கம்

ப: மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். கணக்கு உங்கள் பக்கம்தான். வட்ட டப்பாக்களை நேர் வரிசையாக அடுக்கினால், ஒவ்வொன்றும் பிடிக்கும் சதுரத்தில் 21 சதவீதத்துக்கு மேல் மூலைகளில் வீணாகும். ஐந்து தட்டு இருந்தால் ஒரு தட்டு முழுக்கக் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாமியாருக்கும் ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் வரிசை டப்பாவை முதல் வரிசையின் இரண்டு டப்பாக்களுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தில் தள்ளி வைத்தால், தேன்கூடு மாதிரி நெருங்கிக்கொள்ளும். வீணாவது 10 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். ஓரங்களில் மட்டும் கொஞ்சம் போகும், அதை அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் தரும் மரியாதையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இட விஷயம் அதோடு முடிந்தது. கழுவுகிற விஷயம் வேறு. சதுர டப்பாவின் மூலையில் ஒளிந்திருக்கும் பழைய மாவு கரண்டிக்கும் வராது, பிரஷ்ஷுக்கும் வராது, வண்டுக்கு மட்டும் வரும். ஆகவே பருப்பு, அவல், ரவை சதுரத்தில். கடலைமாவு, அரிசிமாவு வட்டத்தில். இரண்டு கட்சிக்கும் தொகுதிப் பங்கீடு ஆயிற்று.

கே: அஞ்சறைப் பெட்டி என்கிறோம். உள்ளே ஏழு கிண்ணம் இருக்கிறதே?
– பள்ளி மாணவர், தஞ்சாவூர்

ப: பெயர் மரப்பெட்டி காலத்தது. மரத்தில் கேட்ட எண்ணிக்கைக்குத் தடுப்பு அடிக்கலாம். பெட்டி வட்டமானதும் கணக்கு தச்சர் கையை விட்டுப் போய்விட்டது. ஒரு வட்டக் கிண்ணத்தைச் சுற்றி அதே அளவுக் கிண்ணம் சரியாக ஆறு உட்காரும். ஐந்து வைத்தால் ஆடும், ஏழு வைத்தால் மூடி மூடாது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. நாணயங்களை வைத்துப் பாருங்கள். அப்பாவிடம் எல்லாம் ஒரே மதிப்பில் கேட்டு வாங்குங்கள், பத்து ரூபாயாக இருந்தால் உத்தமம்.

கே: சமையல் மேடைக்குக் கீழே கதவு வைத்த அலமாரி நல்லதா, டிராயர் நல்லதா? டிராயர் விலை அதிகம் சொல்கிறார்கள்.
– புது வீடு கட்டுபவர், நாமக்கல்

ப: டிராயர். விலையைப் பிறகு பேசுவோம். மேடையின் ஆழம் 24 அங்குலம். கதவு வைத்தால் முன்னால் 10 அங்குலத்தில் இருப்பதுதான் உங்களுடையது. அதற்குப் பின்னால் போன பாத்திரம் பென்ஷன் வாங்க ஆரம்பித்துவிடும். அதை எடுக்க மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, செல்போன் வெளிச்சம் அடித்து, முன்வரிசையை எல்லாம் தரையில் இறக்க வேண்டும். டிராயரை இழுத்தால் பின்வரிசை தானே வெளியே வந்து வணக்கம் சொல்லும்.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், நம் பேச்சில் ஆறடிக்குப் பதினொன்று. ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் அத்தனை சின்ன இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்துக் கற்ற பாடம் அது. அரிசி, சர்க்கரைக்கெல்லாம் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள். கைப்பிடியைப் பிடித்து உருவி, மூக்கு வழியாக அப்படியே பாத்திரத்தில் கொட்டிவிடலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, புழு அண்டாமலிருக்க. சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்றைய மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி அதுதான். இதில் வேடிக்கை, அதை வரைந்த காலத்தில் தனக்குச் சமைத்த அனுபவமே கிடையாது என்று அந்த அம்மையாரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். உங்கள் வீட்டுக்கு வரைபவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், தைரியம் வந்துவிடும்.

இப்போது விலை. சாதாரண சேனல் போட்டால் பக்கத்துக்கு அரை அங்குலம் அது தின்னும். பெட்டிக்கு அடிப்பலகை, பக்கப்பலகை வேறு. எல்லா இடத்திலும் டிராயர் போட வேண்டியதில்லை. அடுப்புக்குக் கீழே மூன்று போதும்: மேலே கரண்டி, நடுவில் டம்ளர், டவரா, கிண்ணம், அடியில் குக்கரும் வாணலியும். கரண்டி டிராயர் 4 அங்குல உயரத்துக்கு மேல் வேண்டாம். ஆழம் கொடுத்தால் ஜல்லிக்கரண்டி, தோசைத்திருப்பி, மத்து மூன்றும் குறுக்கே விழுந்து, டிராயர் திறக்காமல் மறியல் செய்யும். சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். 25 கிலோ அரிசி மூட்டையை எந்த டிராயரிலும் வைக்காதீர்கள். அதற்குத் தரையில் சக்கரம் வைத்த டிரம்தான் சரி.

கே: மனைவி ஊருக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் சமையலறையை மாற்றி அடுக்கி ஆச்சரியப்படுத்தலாம் என்றிருக்கிறேன்.
– கணவர், கோவை

ப: கட்டாயம் ஆச்சரியப்படுவார். நீங்கள் எங்கே தங்குவதாக உத்தேசம்?

கே: பரணில் எதை வைக்கலாம்?
– பெரம்பூர் வாசகர்

ப: வருஷத்தில் ஒரு நாளாவது இறங்குவதை. பொங்கல் பானை, முறுக்கு அச்சு, விசேஷத்துக்கு எடுக்கும் அண்டா, கொலுப் பொம்மைப் பெட்டி. இரண்டு தீபாவளி பார்த்தும் கீழே இறங்காத சாமான் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டது என்று அர்த்தம். கல்யாணச் சீராகப் பேர் வெட்டி வந்த பாத்திரமா? அது வேறு சட்டத்தின் கீழ் வரும், கை வைக்காதீர்கள். பரண் கதவின் உட்பக்கம் ஒரு தாளில், உள்ளே இருப்பவை என்னென்ன என்று எழுதி ஒட்டுங்கள். ஏணி போட்டு ஏறிய பிறகு “இங்கே இல்லையே” என்று கத்துவது மிச்சமாகும்.

கே: கேஸ் சிலிண்டரை அலமாரிக்குள் வைத்துக் கதவு போட்டு மறைக்கலாமா? பார்க்க அசிங்கமாக இருக்கிறது.
– மதுரை வாசகி

ப: இதற்கு மட்டும் சிரிக்காமல் பதில். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு தேங்கும். மூடிய அலமாரிக்குள் தேங்கினால் உங்களுக்கு வாசனையும் தாமதமாகத்தான் வரும். உள்ளே வைத்தே தீர வேண்டுமென்றால் கதவின் அடியில், தரையை ஒட்டி, காற்றோட்டத்துக்குத் தாராளமாகத் திறப்பு இருக்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரெகுலேட்டரை மூட நினைத்த நொடியில் கை எட்ட வேண்டும், ஆகவே அதன் முன்னால் பழைய பேப்பர், துணிப்பை, வெங்காயக் கூடை எதுவும் வேண்டாம். கொஞ்சம் அசிங்கமாகவே இருக்கட்டும்.

கே: வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில்?
– சேலம் வாசகர்

ப: சாம்பாரில் சேரட்டும், கூடையில் வேண்டாம். ஒன்று சீக்கிரம் அழுகும், இன்னொன்று முளைவிடும். பழியை ஒன்றின் மேல் ஒன்று போடும்.

கே: என் மனைவி ஒரு டிராயர் நிறைய பிளாஸ்டிக் கவர் சேர்த்து வைத்திருக்கிறார். கவருக்குள் கவர், அதற்குள் கவர்.
– திருநெல்வேலி வாசகர்

ப: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. ஆக, உங்கள் வீட்டில் இருப்பது டிராயர் இல்லை, அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் வசூலிக்கலாம்.

கே: பாத்திரம் அடுக்கிவிட்டேன். மூடிகளை என்ன செய்வது? எங்கே வைத்தாலும் சரிந்து விழுகின்றன.
– ஈரோடு வாசகி

ப: மூடியை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் உங்களுக்கு வேண்டியது அடியில்தான் இருக்கும், அது விதி. தட்டு ஸ்டாண்டில் தட்டை நிறுத்துவது போல மூடியையும் நிறுத்துங்கள். அலமாரிக் கதவின் உட்பக்கம் இரண்டு துண்டுக் கம்பி அடித்தாலும் போதும், செருகிவிடலாம். கதவுக்கும் தட்டுக்கும் நடுவே 2 அங்குலம் இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் கதவு மூடாது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, பாத்திரத்துக்கு மூடி ஜோடி சேருங்கள். சேராததைப் பழைய பாத்திரக்காரருக்குப் போட்டுவிடலாம்.

போன மாதம் எங்கள் வீட்டில் இதைச் செய்தேன். ஜோடி இல்லாமல் ஒன்பது மூடி மிஞ்சியது. பையில் போட்டு வாசல்வரை போய்விட்டேன். அம்மா பார்த்துவிட்டார்.

“எங்கேடா எடுத்துட்டுப் போறே?”

“இதுக்கெல்லாம் பாத்திரம் இல்லைம்மா.”

“மூடி இருக்கில்ல? பாத்திரம் வாங்கிக்கலாம், வை உள்ளே.”